புராஸ்டேட் புற்றுநோயும் பரம்பரை மரபணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் என்று தெரிந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் மரபணுப் பரிசோதனைக்கு வரும்போது, எதிரே உட்கார்ந்து குடும்ப மரம் வரைவது என் வேலை. ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். புற்றுநோய் வந்தவருக்கு உள்ளே கறுப்படிப்போம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. அந்தத் தாளை வரைந்து முடிப்பதற்குள் பெரும்பாலும் இதே கேள்விகள்தான் வரும். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே குறித்து வைத்ததைப் பதில்களோடு இங்கே தருகிறேன்.

அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர். அப்ப எனக்கும் வந்துடுமா?

வந்தே தீரும் என்று இல்லை. வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால், உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அண்ணன் தம்பிக்கு வந்திருந்தால் அப்பாவுக்கு வந்திருப்பதைவிடச் சற்று அதிகம். நெருங்கிய உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், அதுவும் 60 வயதுக்குள் வந்திருந்தால், இன்னும் ஏறும்.

எந்த வயதில் வந்தது என்பதை அதனால்தான் துருவித் துருவிக் கேட்கிறோம். 80 வயதில் ஒருவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருப்பது வெகு சாதாரணம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் சுரப்பியை வெட்டிப் பார்த்தாலும் அடிக்கடி தென்படும். ‘அப்பாவுக்கு 79, பெரியப்பாவுக்கு 82’ என்பதைவிட ‘அப்பாவுக்கு 54’ என்ற ஒற்றை வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

குடும்பத்துல இருக்குன்னா அது பரம்பரை நோய்தானே? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் மறைந்துவிடும். ஒரே வீட்டில் நாலு பேருக்கு நோய் வரலாம். அதற்குக் காரணமாக எந்த ஒற்றை மரபணுவும் சிக்காமல் போகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. குடும்பத்தில் யாருக்குமே புராஸ்டேட் புற்றுநோய் இல்லாத ஒருவரிடம் வலுவான மரபணுக் கோளாறு இருக்கலாம். முதலாவது ‘குடும்பத்தில் ஓடுவது’. இரண்டாவதுதான் நாங்கள் சொல்லும் ‘பரம்பரை’: பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த, ஒற்றை மரபணுவில் உள்ள பழுது.

நார்டிக் நாடுகளின் இரட்டையர்களை வைத்துச் செய்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு, புராஸ்டேட் புற்றுநோய் விஷயத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 57 சதவீதத்தை மரபால் விளக்கலாம் என்றது. முக்கியமான புற்றுநோய்களில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. நூறு நோயாளிகளில் 57 பேருக்குப் பரம்பரை நோய் என்று இதைப் படித்துவிடக் கூடாது. இதில் பெரும்பகுதி, தனித்தனியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் செய்யாத நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து செய்கிற வேலை. ஒற்றை மரபணுப் பழுதால் வருவது பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

எனக்கு பிஆர்சிஏ ஜீன் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அது பொம்பளைங்க ஜீன் இல்லையா?

பிஆர்சிஏ ஜீன் எனக்கும் இருக்கிறது, இதைப் படிக்கிற எல்லாருக்கும் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்களிடம் உள்ள ஒரு பிரதியில் பழுது இருக்கிறது என்பதே செய்தி. மார்பகப் புற்றுநோய் அதிகம் இருந்த குடும்பங்களில் தேடிப்போய் 1994-இல் பிஆர்சிஏ1, 1995-இல் பிஆர்சிஏ2 என்று கண்டுபிடித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் வேலைக்கும் ஆண், பெண் என்பதற்கும் சம்பந்தமில்லை. செல்லுக்குள் டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுந்துபோனால் அதைப் பிசகில்லாமல் ஒட்டுகிற பழுதுபார்ப்புக் குழுவில் அது ஓர் ஆள்.

ஓர் எழுத்து போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கிறது. ‘கடல் பழம் மரம் நகம்’ என்று எழுதி, அதில் ‘ட’வை மட்டும் உருவிவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் படித்துப் பாருங்கள்: ‘கல்ப ழம்ம ரம்ந கம்’. விழுந்தது ஓர் எழுத்துதான். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் உளறல். பிஆர்சிஏ2-இல் 5946-ஆவது இடத்தில் ஒரே ஓர் எழுத்து உதிர்ந்த மாற்றம் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அதனால் பாதி வழியிலேயே அறுந்துவிடுகிறது.

எந்தெந்த ஜீனைப் பார்ப்பாங்க? எல்லாமே ஒரே மாதிரி ஆபத்தா?

ஒரே மாதிரி இல்லை. புராஸ்டேட்டைப் பொறுத்தவரை முதலிடம் பிஆர்சிஏ2-க்குத்தான். அதில் பழுது உள்ள ஆண்களுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஆய்வைப் பொறுத்து 19 முதல் 61 சதவீதம் வரை. பிஆர்சிஏ1 என்றால் 7 முதல் 26. பொதுமக்களிடம் அது பத்துக்குச் சற்று மேல். எண்களின் இடைவெளி பெரிதாக இருக்கிறதே என்றால், ஆம், பெரிதுதான். ஒரே எண்ணை அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். வாய்ப்பு மட்டுமல்ல, நோயின் குணமும் முக்கியம். பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு வரும் கட்டி பெரும்பாலும் முரடு.

அடுத்து ஏடிஎம், செக்2. ‘என்ன சார், பேங்க்குக்கு வந்துட்டோமா?’ என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. இரண்டும் நடுத்தர ஆபத்து. பால்பி2 அரிது. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 போன்றவை லிஞ்ச் நோய்த்தொகுதியைச் சேர்ந்தவை. குடல், கருப்பைப் புற்றுநோய் உள்ள குடும்பங்களில் அவற்றைத் தேடுவோம். ஹாக்ஸ்பி13 தனி ரகம். 2012-இல் வெளிவந்தது, புராஸ்டேட்டின் வளர்ச்சியோடு தொடர்புடையது, பழுதுபார்ப்பு வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன் பிரபலமான மாற்றம் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் அதிகம்.

எங்க வம்சத்துல ஒரு ஆம்பளைக்குக்கூட இது வந்ததில்ல. பிறகெதுக்கு டெஸ்ட்?

அதிகம் கேட்கப்படுவதும், பதில் தெரியாததால் அதிகம் இழப்பு ஏற்படுவதும் இந்தக் கேள்வியில்தான். ஒருமுறை ஒரு பெரியவருக்கு மரம் வரைந்தேன். ஐந்து சதுரங்கள், அவரைத் தவிர எல்லாம் வெள்ளை. ‘பார்த்தீங்களா, நான்தான் முதல் ஆள்’ என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி மெதுவாக, ‘உங்க பெரிய அக்காவுக்கு மார்புல வந்துச்சே, அத்தைக்கு வயித்துல கட்டின்னு சொன்னாங்களே’ என்றார். இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினேன். ‘வயிற்றில் கட்டி’ என்று அந்தக் காலத்தில் சொன்னது சினைப்பையாக இருந்திருக்கலாம். அவர் அந்த இருவரையும் சொல்லாததற்குக் காரணம் மறதி இல்லை. கேட்டது புராஸ்டேட்டைப் பற்றி, பெண்களுக்கும் அதற்கும் என்ன என்று நினைத்துவிட்டார்.

2016-இல் வெளியான ஓர் ஆய்வில், உடலின் பிற பாகங்களுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களைப் பரிசோதித்தார்கள். 11.8 சதவீதத்தினரிடம், அதாவது ஏறக்குறைய எட்டில் ஒருவரிடம், டிஎன்ஏ பழுதுபார்ப்பு மரபணுவில் பரம்பரைப் பிழை இருந்தது. தகப்பன், சகோதரன் போன்ற நெருங்கிய உறவில் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தவர்களின் பங்கு, பிழை உள்ளவர்கள் இல்லாதவர்கள் இரு தரப்பிலும் 22 சதவீதம்தான். வித்தியாசமே இல்லை. ஆனால் நெருங்கிய உறவில் வேறு புற்றுநோய்கள் இருந்தது ஒரு பக்கம் 71, மறுபக்கம் 50 சதவீதம். ஆகவே மார்பகம், சினைப்பை, கணையம், குடல் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டின் மூத்த பெண்மணியைக் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.

எனக்கு ரெண்டும் பொண்ணுங்கதான். அப்ப இது என்னோட போச்சுன்னு வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்ன மரபணுக்கள் பாலினக் குரோமோசோமில் இல்லை. பிஆர்சிஏ2 இருப்பது 13-ஆவது குரோமோசோமில். மகனோ மகளோ, ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பழுதுப் பிரதி போய்ச்சேர 50 சதவீத வாய்ப்பு. பிஆர்சிஏ2 பழுதோடு பிறந்த பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல், சினைப்பைப் புற்றுநோய்க்கு 13 முதல் 29. உங்களுக்கு மகள்கள்தான் என்றால் இந்தப் பரிசோதனையின் தேவை கூடுகிறது.

‘மூத்தவளுக்கு வந்துட்டா இளையவளுக்கு வராதுல்ல?’ என்பது இதன் கிளைக்கேள்வி. ஒவ்வொரு குழந்தைக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. இரண்டு பேருக்கும் போகலாம், இருவருக்குமே போகாமலும் இருக்கலாம்.

அம்மா பக்கம் எதுக்குக் கேட்கிறீங்க? அம்மாவுக்கு ஏது புராஸ்டேட்?

முந்தைய பதிலைத் திருப்பிப் போட்டால் இதற்கு விடை. அம்மா தன் தகப்பனிடமிருந்து வாங்கி, தனக்கு எதுவும் வராமலேயே, உங்களிடம் கொடுத்திருக்கலாம். அம்மாவின் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லாரும் கணக்கில் உண்டு.

யார் யார் பரிசோதிச்சுக்கணும்? எல்லாருமேவா?

எல்லாருக்கும் தேவையில்லை. நோய் பிற பாகங்களுக்குப் பரவியவர்கள், நிணநீர்க் கணுக்களுக்குப் போனவர்கள், பரவாவிட்டாலும் அதிக ஆபத்து என வகைப்படுத்தப்பட்டவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். இவர்களுக்குக் குடும்ப வரலாறு இருக்கிறதா என்பதே பொருட்டில்லை. பயாப்சி அறிக்கையில் ‘இன்ட்ராடக்டல்’ (புற்று சுரப்பியின் நாளங்களுக்குள் பரவியிருப்பது) என்ற சொல் இருந்தாலும் ஆலோசனை கேளுங்கள்.

கட்டி சாதாரணமானது என்றாலும், மேலே சொன்ன மற்றப் புற்றுநோய்கள் உறவில் சிறு வயதில் வந்திருந்தாலோ, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்குப் பழுது உறுதியாகியிருந்தாலோ செய்துகொள்ள வேண்டும். அஷ்கனாசி எனப்படும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடம் பிஆர்சிஏ மாற்றங்கள் அதிகம் என்பதால் அதையும் கேட்போம்.

ரத்தம் எடுக்கணுமா, எச்சில் போதுமா?

இரண்டில் எதுவானாலும் சரி. ஒரு விதிவிலக்கு உண்டு: வேறொருவரின் எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் ஓடுவது கொடையாளியின் செல்கள். எச்சிலிலும் அந்த வெள்ளை அணுக்கள் கலந்திருக்கும். அப்படிப்பட்டவருக்குத் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செல்களை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இதே சிக்கல். படிவத்தில் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

பயாப்சி சதையிலேயே ஜீன் டெஸ்ட் பண்ணிட்டாங்க. மறுபடி ரத்தத்துல எதுக்கு?

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். கட்டிக்குள் இருக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகு, அந்தக் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்டவை. டிஎம்பிஆர்எஸ்எஸ்2, இஆர்ஜி என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதைப் புராஸ்டேட் கட்டிகளில் 2005-இல் கண்டுபிடித்தார்கள். மேற்கத்திய நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் கட்டியில் அது இருக்கிறது. அது பிள்ளைகளுக்குப் போகாது. கட்டியோடு பிறந்து கட்டியோடு போய்விடும்.

பிறக்கும்போதே வந்த பழுதோ உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும். கட்டிப் பரிசோதனையில் பிஆர்சிஏ2 தென்பட்டால், அது கட்டியில் மட்டுமா, உடம்பு முழுக்கவா என்று பிரித்துச் சொல்ல ரத்தமோ எச்சிலோ வேண்டும். சில கட்டிப் பரிசோதனைகள் பரம்பரை மாற்றங்களைக் கழித்துவிட்டே அறிக்கை தருகின்றன. அதனால் ‘கட்டியில் ஒன்றும் இல்லை’ என்ற தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லக் கூடாது. மருந்து தேர்வுக்குக் கட்டி, குடும்பத்துக்கு ரத்தம் என்று தோராயமாக நினைவில் வையுங்கள். மருந்து விஷயத்தில் இரண்டுமே பயன்படும்.

ரிப்போர்ட் நெகட்டிவ். தப்பிச்சோமா?

நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. குடும்பத்தில் இன்ன பழுது என்று ஏற்கெனவே தெரிந்து, அது உங்களிடம் இல்லை என்று வந்தால், அது உண்மையான நெகட்டிவ். அந்தப் பழுதால் வரும் கூடுதல் ஆபத்து உங்களுக்கும் இல்லை, உங்கள் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகாது. பொதுவாக எல்லா ஆண்களுக்கும் உள்ள ஆபத்து மட்டும் மிச்சம்.

வீட்டில் மூன்று பேருக்கு நோய், ஆனால் எந்தப் பழுதும் யாரிடமும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் அந்த நெகட்டிவுக்கு அத்தனை பலம் இல்லை. இரண்டாம் கேள்வியில் சொன்ன சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். குடும்ப வரலாறு உள்ளவராகவே உங்களை நடத்துவார்கள்.

‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’னு போட்டிருக்கு. இது பாஸா ஃபெயிலா?

ரிசல்ட் நிறுத்தி வைப்பு. எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுக்குமா கெடுக்காதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை. பின்னாளில் இவை மறுவகைப்படுத்தப்படும்போது பெரும்பாலானவை ‘பாதகமில்லை’ பக்கமே போகின்றன. அதை வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது. உறவினர்களை வரிசையாகப் பரிசோதனைக்கு அனுப்பவும் கூடாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, மறுவகைப்படுத்தினார்களா என்று கேளுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் பரிசோதனை செய்த இடத்துக்குச் சொல்லுங்கள். நல்ல செய்தி வந்து, போய்ச்சேர ஆள் இல்லாமல் திரும்பிய கதைகள் எனக்குத் தெரியும்.

பிஆர்சிஏ2 இருக்கு, ஆனா கேன்சர் இன்னும் வரல. என்ன செய்யணும்?

40 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. இதற்கு ஆதாரமாக இருப்பது ‘இம்பாக்ட்’ என்ற பன்னாட்டு ஆய்வு. பழுது உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, பிஎஸ்ஏ 3-ஐத் தாண்டினால் பயாப்சி செய்தார்கள். 2019-இல் வந்த முடிவுப்படி, பிஆர்சிஏ2 பழுது உள்ளவர்களுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்ட வயது 61, இல்லாதவர்களுக்கு 64. கண்டுபிடித்ததில் சிகிச்சை தேவைப்படுகிற ரகம் 77 சதவீதம். மற்றவர்களிடம் அது 40. இப்போது பிஎஸ்ஏ ஏறினால் முதலில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, பலர் சங்கடப்பட்டுக் கேட்காமல் விடுவது. பிஆர்சிஏ2 உள்ள ஆண்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் மார்பகப் புற்றுநோயும் வரலாம். குளிக்கும்போது மார்பைத் தடவிப் பார்த்து, காம்புக்குக் கீழே கடினமாக எதுவும் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்ப இப்பவே புராஸ்டேட்டை எடுத்துப் போட்டுட்டா வம்பே இல்லையே?

பெண்களுக்குச் சினைப்பையை முன்கூட்டியே எடுக்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிற கேள்வி. சினைப்பைப் புற்றுநோயைச் சீக்கிரம் பிடிக்க நம்பகமான வழி இல்லை, அதனால் அங்கே எடுப்பதற்கு நியாயம் உண்டு. புராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ என்று வழி இருக்கிறது. எடுத்தால் சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் வரலாம். நோய் வராத ஒருவருக்கு இதை வழக்கமான சிகிச்சையாக யாரும் பரிந்துரைப்பதில்லை.

கேன்சர் வந்தாச்சு. இனி ஜீன் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். ஆரம்ப நிலையில், சிகிச்சை கொடுக்காமல் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிஆர்சிஏ2 பழுது உள்ளவர்களின் கட்டி, கண்காணிப்புக் காலத்தில் மேல்தரத்துக்கு, அதாவது இன்னும் முரடான வகைக்கு, ஏறுவது அதிகம். கண்காணிப்பே கூடாது என்பதில்லை. பரிசோதனைகளை நெருக்கமாக வைத்து, கை வைக்கும் முடிவைத் தள்ளிப்போடாமல் எடுப்பார்கள்.

பரவிய நிலையில்தான் பெரிய மாற்றம். பார்ப் தடுப்பான் என்கிற மாத்திரை வகைக்கு வழி திறக்கிறது. ஒலாபரிப் 2020-இல் அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதற்குக் காரணமான ஆய்வில், ஒரு ஹார்மோன் மருந்துக்கு அடங்காமல் போன, பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் மாற்றம் உள்ளவர்களுக்கு ஸ்கேனில் நோய் வளராமல் இருந்த காலம் 7.4 மாதம், வேறொரு ஹார்மோன் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு 3.6. உயிரோடு இருந்த காலம் (இடைநிலை அளவில்) 19.1 மாதம், மறுபக்கம் 14.7. 2023-இல் ஒலாபரிப், நிராபரிப், டலாசோபரிப் மூன்றையும் ஹார்மோன் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி வந்தது. லிஞ்ச் வகைப் பழுதால் வந்த கட்டி என்றால் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பலன் தரலாம். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் கீமோவும் பிஆர்சிஏ2 கட்டிகளில் நன்றாக வேலை செய்வதுண்டு.

அந்த மாத்திரை கெட்டுப்போன ஜீனைச் சரி பண்ணிடுமா?

சரிசெய்யாது. கெட்டுப்போனதைப் பயன்படுத்திக்கொள்ளும். செல்லுக்குள் இரண்டு ரிப்பேர்க் கடைகள் இருப்பதாக நினையுங்கள். ஒற்றை இழை அறுந்தால் பார்ப் கடை, இரட்டை இழை அறுந்தால் பிஆர்சிஏ கடை. புற்றுச்செல்லில் பிஆர்சிஏ கடையின் இரண்டு பிரதியும் போய்விட்டன: ஒன்று பிறவியிலேயே, மற்றொன்று பிற்பாடு. மாத்திரை பார்ப் கடையையும் பூட்டுகிறது. சின்ன அறுபடல்கள் பெரிதாகி, ஒட்ட ஆளில்லாமல் அந்தச் செல் சாகிறது. உடம்பின் மற்றச் செல்களில் பிஆர்சிஏவின் ஒரு நல்ல பிரதி இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன.

முழுக்கத் தாக்குப்பிடிப்பதாகவும் சொல்ல முடியாது. ரத்தசோகை, அசதி, குமட்டல் எல்லாம் சகஜம். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை கேட்பது அதற்காகத்தான்.

எனக்கு வந்தது ஏடிஎம். பக்கத்து பெட்காரருக்கு பிஆர்சிஏ2. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, அவருக்கு மட்டும் பிஎஸ்ஏ இறங்குது. ஏன்?

பட்டியலில் இரண்டு மரபணுவும் அடுத்தடுத்து இருப்பதால் பலனும் ஒன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. ஏடிஎம் நேரடியாக ஒட்டுகிற ஆள் இல்லை, அறுந்துவிட்டது என்று மணியடிக்கிற ஆள். மணி போனாலும் கடை திறந்தே இருக்கிறது. அதனால் பார்ப் தடுப்பான்களின் பலன் பிஆர்சிஏ2-இல் அதிகம், ஏடிஎம், செக்2-இல் குறைவு. ஹாக்ஸ்பி13 மட்டும் உள்ளவருக்கு இந்த மாத்திரைக்கே காரணம் இல்லை. ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லோடு நிற்காமல் எந்த மரபணு என்று கேளுங்கள்.

ரத்தத்துல மிதக்கிற கட்டி டிஎன்ஏ டெஸ்ட்ல ஏடிஎம் 6 சதவீதம்னு வந்திருக்கு. இது பரம்பரையா, கட்டியா?

இரண்டுமே இல்லாமல் போகலாம். ரத்தத்தில் அகப்பட்ட அந்த மரபணுத் துண்டுகளில் எத்தனை பங்கில் மாற்றம் இருந்தது என்பதே அந்த 6 சதவீதம். பிறவியில் வந்தது என்றால் இரண்டில் ஒரு பிரதி என்ற கணக்கில் 50 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 6 என்பது அதிலிருந்து வெகுதூரம். வயதாக ஆக எலும்பு மஜ்ஜையில் சில ரத்தச் செல்கள் ஒரு மாற்றத்தைப் பெற்றுப் பல்கிப் பெருகுவதுண்டு. ஏடிஎம், செக்2 இரண்டிலும் இது நடக்கும். ரத்தத்தில் கட்டியைத் தேடும்போது இந்தச் செல்களின் டிஎன்ஏவும் வலையில் மாட்டும்.

இதைக் கட்டியுடையது என்று நினைத்துப் பார்ப் தடுப்பான் தொடங்கினால், பலன் இல்லாமல் பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். கட்டிச் சதையிலும் அதே மாற்றம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எச்சில்ல எடுத்து ‘ரிஸ்க் ஸ்கோர்’ சொல்றாங்களாமே, அது இதேதானா?

இது வேறு. சின்ன வேறுபாடுகளை எல்லாம் கூட்டிப்போடும் மதிப்பெண் அது. 2025-இல் வெளியான ‘பார்கோடு1’ ஆய்வு 55 முதல் 69 வயது ஆண்களிடம் 130 வேறுபாடுகளைக் கணக்கிட்டு, மதிப்பெண் உயர்ந்தவர்களை பிஎஸ்ஏ எவ்வளவு இருந்தாலும் எம்ஆர்ஐக்கும் பயாப்சிக்கும் அழைத்தது. வந்த 468 பேரில் 187 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. சுவாரசியமான முடிவுதான். ஆனால் இந்த மதிப்பெண்களின் அடித்தளம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளித் தரவு. மற்றவர்களுக்கு அதே எண்ணை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. முக்கியமாக, இந்த மதிப்பெண் குறைவாக வந்தால் பிஆர்சிஏ2 சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை.

அப்பா போயிட்டார். இனி யாரைப் பரிசோதிக்கிறது?

நோய் வந்து உயிரோடு இருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அவரில் தொடங்குவது உத்தமம். விடை கிடைக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம். அப்பாவின் பயாப்சித் துண்டு மெழுகுக் கட்டியில் சேமித்து வைக்கப்பட்டிருந்தால் சில இடங்களில் அதையும் சோதிக்க முடியும். எதுவும் இல்லையென்றால் உங்களையே சோதிக்கலாம். நெகட்டிவ் வந்தால் மேலே சொன்ன இரண்டாம் வகை, பலம் குறைந்த நெகட்டிவ் என்பதை மறக்காதீர்கள்.

பையனுக்கு 14 வயசு. அவனுக்கும் சேர்த்துப் பார்த்துடலாமா?

வேண்டாம். 40 வயதுக்கு முன் அவனுக்குப் புராஸ்டேட்டுக்காகச் செய்ய எதுவும் இல்லை. 18 முடிந்ததும் அவன் முடிவெடுக்கட்டும்.

தம்பிகிட்ட எப்படிச் சொல்றது? பேசி ரெண்டு வருஷம் ஆச்சு.

பேச முடியாவிட்டால் எழுதுங்கள். அறிக்கையில் உள்ள மாற்றத்தின் குறியீட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்துவிடுங்கள். அது இருந்தால் அவருக்கு அந்த ஒரே இடத்தைக் குறிபார்த்துத் தேடலாம். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று அவர் சொல்லலாம், அது அவர் உரிமை. பரிசோதிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், செய்தியை மட்டும் சேர்த்துவிடுங்கள். பலருக்கு எழுதிக்கொடுத்துப் பழகிய வாசகம் இது, மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

‘தம்பி, எனக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய். சிகிச்சை நடக்கிறது. ரத்தத்தில் பார்த்ததில் பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் பிறவியிலேயே ஒரு பழுது இருப்பதாகத் தெரிந்தது. இது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். அதனால் உனக்கும் அக்காவுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கு இருந்தால் உன் பெண்ணுக்கும் போயிருக்கலாம். அவளுக்கு இது நம் இருவரையும்விட முக்கியம். அறிக்கையின் படம் கீழே இருக்கிறது. உன் டாக்டரிடம் இதைக் காட்டினால் போதும். எனக்குப் பதில் போட வேண்டும் என்று இல்லை.’